ஐந்தாம் பாகத்து எலி

"எலி!"

மாடியிலிருந்து வந்த அந்தக் கூச்சலில், கீழே பதிப்பக அறையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்த தம்பி பாதி டீயைத் தன் கால்மேல் ஆற்றிக்கொண்டான். மாடிக் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்த ஓவியர், தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு, துடைப்பத்தைத் தேடி எடுத்து, மனைவியின் அறைக் கதவைக் காலால் தள்ளினார்.

எலி என்றால் மனைவி நாற்காலிமேல் ஏறி நிற்பாள். அது அவர் அறிந்த வழக்கம். இப்போதோ அவள் நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் அவருக்குப் பயம் வந்தது.

எந்தப் பக்கம் போச்சு என்று கேட்டுக்கொண்டே குனிந்து, கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு ஒரு சுழற்று சுழற்றினார். அங்கே கயிறு அவிழ்க்காத புத்தகக் கட்டு ஒன்றும் அதன்மேல் பல வருடத் தூசியும் இருந்தன. எலி இல்லை.

"அங்க இல்லைங்க. இங்க." மேஜைமேல் விரித்திருந்த புத்தகத்தைப் பென்சிலால் குத்திக் காட்டினாள். "கடைசி அத்தியாயத்துல உட்கார்ந்திருக்கு."

ஓவியர் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "அங்க போய் எப்படி அடிக்கிறது?"

"ஏற்கெனவே அடிச்சாச்சு. அதான் பிரச்சினையே."

அவளை வீட்டில் மட்டுமல்ல, தெருவில் பால் போடுகிறவரிலிருந்து அச்சகத்து முதலாளி வரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். அக்காவின் தொழில் மொழிபெயர்ப்பு. தம்பியின் தொழில் அதைப் புத்தகமாகப் போடுவது. புத்தகத்துக்குப் படம் வரைவது அக்காவின் கணவர். கணினியில் எழுத்தை அடித்துப் பக்கம் கட்டுவது தம்பியின் மனைவி. மாடியில் ஒரு குடும்பம், கீழே பதிப்பகம், அதன் பின்கட்டில் இன்னொரு குடும்பம். வேலையில் கோபம் வந்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிற வசதி இவர்கள் யாருக்கும் கிடையாது.

ஆறு வருடமாக இந்த நாலு பேரும் ஒரே கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வேல்ஸ் என்கிற மலைநாட்டின் பழங்கதைகளை எடுத்து, எழுத்தாளர் அம்மா ஒருவர் எப்போதோ எழுதி வைத்துவிட்டுப் போன சிறுவர் மாயக்கதை அது. மொத்தம் ஐந்து பாகம். வெட்டுப்பட்ட பிறகும் அரட்டையை நிறுத்தாத ஒரு ராஜாவின் தலை, பூக்களைக் கூட்டிச் செய்யப்பட்டுப் பின்னால் ஆந்தையாகிப் போன பெண், வெள்ளை உடம்பும் சிவப்புக் காதுமாகப் பாதாளத்திலிருந்து வரும் வேட்டை நாய்கள், ஒரு பனிமூட்டம் இறங்கி விலகுவதற்குள் ஊரோடு காணாமல் போகும் ஜனங்கள். இத்தனைக்கும் நடுவில், துடுப்பைத் தவிர வேறு ஆயுதம் இல்லாத ஓர் ஓடக்காரச் சிறுமி.

அந்த நாட்டுப் பெயர்கள்தான் அக்காவின் முதல் எதிரி. பெயரில் ஒரு குறிப்பிட்ட சத்தம் வந்தால் நாக்கை மேல்பல்லில் ஒட்டிவைத்துக்கொண்டு பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டுமாம். அக்கா விடாமல் பழகினாள். பக்கத்து வீட்டுக்காரர், யாரோ பூனையை விரட்டுகிறார்கள் என்று தன் பூனையை வெளியே விடுவதையே நிறுத்திவிட்டார். கடைசியில் அக்கா பெயர்களையெல்லாம் ஒரு பக்கம் தள்ளி, ஓடக்காரி, பூப்பெண், பேசுந்தலை ராஜா, மூட்டத்து அரசன் என்று வைத்துவிட்டாள். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடங்களில் அதிகம் பேசுகிற வாத்தியார்களுக்குப் பேசுந்தலை என்று பெயர் விழுந்ததாகத் தம்பி பெருமையாகச் சொல்வான்.

அக்காவுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, மொழிபெயர்க்கிற புத்தகத்தை முன்கூட்டிப் படிக்க மாட்டாள். முடிவு தெரிந்துவிட்டால் கை சோம்பிவிடும், படிக்கிற பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று மனசு அடித்துக்கொள்வதுபோல் எழுதுகிறவளுக்கும் அடித்துக்கொள்ள வேண்டும் என்பாள். இன்னொன்று, அச்சாகி வந்த புத்தகத்தைத் திறக்க மாட்டாள். திறந்தால் முதலில் கண்ணில் படுவது பிழையாகத்தான் இருக்கும். அப்புறம் திருத்தவும் முடியாது, தூங்கவும் முடியாது. முன்னாலும் படிக்காமல் பின்னாலும் படிக்காமல் என்ன மொழிபெயர்ப்போ என்று ஓவியர் முனகுவார். நீங்க வரைஞ்ச புத்தகத்தை நீங்க பிரிச்சுப் பார்த்தீங்களா என்று அவள் திருப்பிக் கேட்பாள். பேச்சு அதோடு நின்றுவிடும். காரணம் கட்டிலுக்கு அடியில் கயிறு அவிழாமல் கிடந்தது.

அன்று பிற்பகல் அக்கா ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருந்தாள். மூட்டத்து அரசனின் சபை. ஓடக்காரியைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். உன்னால் உயிர் பிழைத்தவர் இந்தச் சபையில் ஒருவராவது இருந்தால் எழுந்து வரட்டும், விட்டுவிடுகிறேன் என்கிறான் அரசன். யாரும் அசையவில்லை. அப்போது, நான்கு பாகங்களாக வாயே திறக்காமல் அரசன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராணி எழுந்து படியிறங்கி வருகிறாள். நீ முதன்முதலாகத் துடுப்புப் பிடித்த வருடம் உன் தானிய அறையில் ஒரு சுண்டெலியைப் பிடித்தாயே, நினைவிருக்கிறதா என்று கேட்கிறாள். எலி உருவத்தில் வந்தது அவள்தான். வயிற்றில் பிள்ளையோடு ஓட முடியாமல் அகப்பட்டுக்கொண்டவள். 'நசுக்கியிருக்கலாம். நீ கையைத் திறந்தாய். உன் உள்ளங்கையின் சூடு எனக்கு இன்னும் மறக்கவில்லை.'

இந்த இடத்தில்தான் அக்கா கத்தினாள். எழுத்தாளர் அம்மா எழுதிய முதல் பாகத்தில் அந்த எலி இருந்தது. இவர்கள் அச்சடித்த முதல் பாகத்தில் இல்லை.

புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக ஒரே தாளில் அடித்து மடிப்பார்கள். அப்படி ஒரு மடிப்புக்கு ஃபாரம் என்று பெயர். முதல் பாகம் ஃபாரம் கணக்கைத் தாண்டி நாலு பக்கம் வழிந்தது. அந்த நாலு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஏற்றினால் மீதிப் பக்கமெல்லாம் வெறும் வெள்ளையாகப் போகும். ஆகவே நாலு பக்கம் போக வேண்டியிருந்தது. எலி வரும் இடம் கச்சிதமாக நாலு பக்கம் இருந்தது. பிடித்தாள், பார்த்தாள், விட்டாள். கதையில் அதற்கு முன்னும் பின்னும் ஒரு தொடர்பும் இல்லை. இல்லை என்று அப்போது எல்லோரும் நினைத்தார்கள்.

அக்கா எழுதின தாள்களை அள்ளிக்கொண்டு படியிறங்கினாள். ஓவியர் பின்னாலேயே வந்தார். துடைப்பத்தை மாடியில் விட்டுவிட்டார். தூரிகை மட்டும் காதில் இருந்தது.

தம்பி விஷயத்தைக் கேட்டுவிட்டு, இவ்வளவுதானா என்றான். எந்தப் பிரச்சினைக்கும் அவன் முதலில் சொல்வது அதுதான். இரண்டாவது சொல்வது, இன்னிக்குத்தான் கடைசி நாள் என்பது. இன்று அது நிஜமாகவே உண்மையாக இருந்தது. ஆறு மணிக்கு அச்சகத்தில் மெஷின் காலியாகிறது. அதற்குள் கடைசி அத்தியாயம் போய்ச் சேராவிட்டால் தேர்வுக் கையேடுகள் ஏறிவிடும். கையேடு ஏறினால் பள்ளி விடுமுறை முடிகிறவரை இறங்காது. விடுமுறை தாண்டி வந்த நாலாம் பாகம் கட்டுக்கட்டாகப் பின்கட்டில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, அதன்மேல்தான் இஸ்திரி போடுகிறார்கள். ஐந்தாம் பாகமும் அப்படி வந்தால் போடுவதில் அர்த்தமே இல்லை, கதை நாலோடு நின்றுவிடும் என்று தம்பி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான்.

அதாவது, ஓடக்காரி கட்டுண்டபடி அந்தச் சபையிலேயே நிற்க வேண்டியதுதான்.

முதல் பாகத்தில் எங்காவது ஒரு வரியாவது எலி தப்பிப் பிழைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள். அலமாரியில் இருக்க வேண்டிய அலுவலகப் பிரதி வழக்கம்போல் காணோம். தம்பி மனைவி கணினியில் பழைய பக்கங்களைத் திறந்து தேடினாள். பூனை இருந்தது, பெருச்சாளி என்று ஒரு திட்டு இருந்தது, எலி இல்லை.

"சுத்தமா இல்ல அக்கா. நல்லாவே எடுத்திருக்கோம்," என்றாள். அவள் எதையும் பாராட்டுகிற மாதிரியேதான் சொல்வாள்.

அடிக்குறிப்பு போட்டுவிடலாமே என்றான் தம்பி. அக்கா அவனைப் பார்த்த பார்வையில் அவன் நாற்காலியோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தான்.

"பிள்ளைங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற இடத்துல, ஒரு நட்சத்திரம் போட்டு, கீழே பார்னு சொல்லச் சொல்றியாடா?"

சரி, வெட்டின நாலு பக்கத்தை ஐந்தாம் பாகத்தின் தொடக்கத்தில் முன்கதையாகச் சேர்த்துவிடலாம் என்றான். தொடக்கத்திலேயே எலியைக் காட்டிவிட்டுக் கடைசியில் எலி வந்தால் யார் வாயைப் பிளப்பார்கள் என்று அக்கா கேட்பதற்குள், தம்பி மனைவி பக்கத்தை எண்ணிப் பார்த்துவிட்டு மெல்லத் தொண்டையைச் செருமினாள். ஐந்தாம் பாகம் ஃபாரம் கணக்குக்குச் சரியாக நிறைந்து நிற்கிறதாம். நாலு பக்கம் சேர்த்தால் வழியுமாம்.

யாரும் சிரிக்கவில்லை. ஓவியர் மட்டும் சிரித்தார். அவருக்கு இது ஆறு வருடக் காத்திருப்பு.

"என் எலி," என்றார், வாசற்படியில் சாய்ந்துகொண்டு. "நான் வரைஞ்சதுலயே உருப்படியான படம் அது ஒண்ணுதான். எழுத்தை வெட்டினீங்க, கூடவே படத்தையும் வெட்டினீங்க. அந்தப் புத்தகத்தை இன்னிய வரைக்கும் நான் தொடலை. ஆமா மாப்பிள்ளை, அந்தப் படத்தையாவது திருப்பிக் குடுத்தியா?"

இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒரு தடவையாவது வரும். பதிலும் மாறாது. அட்டை அடிப்பது வேறு இடம். அட்டை அடித்தவர் படங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார், திருப்பித் தந்தபோது ஒன்று குறைந்தது, கேட்கலாம் என்று போனால் கடையையே காலி பண்ணிக்கொண்டு ஊரைவிட்டுப் போயிருந்தார். தம்பி அதைச் சொல்லி முடிக்கும்வரை ஓவியர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு அந்தப் பதில் வேண்டியதில்லை, அதைச் சொல்லும்போது தம்பி படும் அவஸ்தைதான் வேண்டியிருந்தது.

அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஃபாரம் கணக்குப் பார்த்துப் பார்த்துக் கதையைக் கசாப்புக்கடை ஆக்கிவிட்டான் என்றாள். ஒரு வரியை எடுப்பதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிக்கத் தெரியாதவன் பதிப்பாளனா என்றாள். சின்ன வயதில் அவளுடைய ஓவிய நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கப்பல் விட்டதிலிருந்தே அவன் புத்தி இதுதான் என்றாள். அப்படியே இப்போதைய சட்டை வரை வந்தாள். தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். சட்டை வந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"அக்கா, நாலு பக்கம் குறையணும்னுதான் நான் சொன்னேன். எலியைக் குறைன்னு நான் சொல்லலை."

அக்காவுக்கு ஞாபகம் வந்தது. அந்த மழைமாதம் அவள் அறையில் நிஜமாகவே ஓர் எலி புகுந்திருந்தது. அகராதியின் முதுகைக் கடித்துத் துப்பியிருந்தது. எழுதின தாள் ஒன்றின் மூலையைத் தின்றிருந்தது. மேஜைக்கடியில் எதுவோ சரசரக்க, நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்த நேரத்தில்தான் தம்பி அச்சகத்திலிருந்து போன் பண்ணினான். நாலு பக்கம் எதை எடுக்கலாம் அக்கா என்றான். அவள் யோசிக்கவே இல்லை. "அந்த எலியைத் தூக்கு," என்றாள். சொன்னபோது ஒரு திருப்திகூட இருந்தது.

அதாவது, ஓடக்காரி உள்ளங்கையைத் திறந்து விட்ட எலியை, இவள் போனிலேயே அடித்துப் போட்டிருந்தாள். ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை ஒரே ஒரு தடவை முன்னால் புரட்டியிருந்தால் போதும். புரட்டவில்லை. கை சோம்பிவிடுமாம்.

ஓவியர் இதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி, திட்டு விழுந்தால் தாங்கிக்கொள்ளத் தயாரான குரலில், எலிக்குப் பதிலாக நாயைப் போட்டால் என்ன என்றான். சிவப்புக் காது நாய்களில் பெரியது ஒன்று எல்லாப் பாகத்திலும் வருகிறது, பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த நாய். ராணி எலி உருவத்தில் வந்ததற்குப் பதிலாக நாய் உருவத்தில் வந்ததாக வைத்துவிட்டால் நாலு வரி மாற்றினால் தீர்ந்தது.

அந்த நாய் இரண்டாம் பாகத்தில் ஓடக்காரியின் கெண்டைக்காலைக் கடித்திருக்கிறது என்று தம்பி மனைவி ஞாபகப்படுத்தினாள்.

"கடிச்சதுக்கு வருத்தப்பட்டு இப்ப காப்பாத்துதுன்னு வச்சுக்கோங்களேன்."

"உனக்கு எல்லாமே வச்சுக்கலாம்," என்றாள் அக்கா. ஆனால் தாளை எடுத்தாள். சுவர்க் கடிகாரம் எதிரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வேறு என்ன செய்வது? நாலோடு நின்றுபோவதற்கு நாய் தேவலாம்.

எழுத எழுதத்தான் அந்த எழுத்தாளர் அம்மாவின் சாமர்த்தியம் தெரிந்தது. ஒரு செங்கல்லை எடுத்துவிட்டு வேறு செங்கல்லை வைக்க முடியாதபடி கட்டியிருந்தாள் மகராசி. நாயைத் தானிய அறையில் பிடிக்க முடியாது, ஆகவே முற்றம் ஆக்கினாள். நாயை வாலைப் பிடித்துத் தூக்க முடியாது, ஆகவே நாய் தானாக வந்து நின்றது. கன்றுக்குட்டி அளவு நாயை உள்ளங்கையில் வைக்க முடியாது, ஆகவே மடி என்று போட்டாள். மடியில் வைத்த பிறகு, எதற்கு வைத்தாள் என்று தெரியவில்லை. ஒரு ரொட்டித் துண்டு கொடுத்தாள். பிறகு ராணி படியிறங்கி வந்து, உன் ரொட்டியின் சுவை எனக்கு இன்னும் மறக்கவில்லை என்றாள். அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மழையிலும் வெயிலிலும் நாலு பாகம் கூட நடந்து வந்த பிள்ளைகளுக்குக் கடைசியில் கொடுக்கிற கூலி இந்த ரொட்டித் துண்டு.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்பு ஒரு பக்கமும் பள்ளிப் பை ஒரு பக்கமும் விழுகிற சத்தம் கேட்டது. தம்பி மகள் வந்துவிட்டாள். வீட்டில் அவளுக்குச் சுட்டி என்று பேர். இந்தப் பதிப்பகத்தில் அச்சாகிற எதையும் முன்னால் பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. மூன்றாம் பாகத்தில் பூப்பெண் ஆந்தையாகிவிடுகிறாள் என்பதை, புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்னாலேயே வகுப்பு முழுக்க ஒலிபரப்பியவள் அவள்.

தம்பிக்கு ஒரு யோசனை வந்தது. படிக்கப்போகிறவள் இவள்தானே, இவளுக்கே படித்துக் காட்டுவோம், இவள் தலையாட்டினால் அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம், இல்லாவிட்டால் வேறு பார்க்கலாம் என்றான். வேறு என்ன பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. தனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில் சுட்டிக்குச் சந்தேகம் வந்தது. இருந்தாலும் பிஸ்கட் பொட்டலத்தோடு நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா படித்தாள். குரல் அவளுடையதாக இல்லை. சபை வந்தது. கட்டிப்போட்ட ஓடக்காரி வந்தாள். அரசன் கேட்டான். யாரும் அசையவில்லை. சுட்டி பிஸ்கட் கடிப்பதை நிறுத்தினாள். ராணி எழுந்தாள். சுட்டி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. வரவேண்டிய விருந்தாளி தெருமுனையில் திரும்புவதைப் பார்த்த முகமாக அது இருந்தது. அக்கா அதைக் கவனித்தாள், ஆனால் புரியவில்லை.

நாய் வந்தது. ரொட்டி வந்தது.

சுட்டியின் முகம் விழுந்துவிட்டது. பிஸ்கட்டைப் பொட்டலத்திலேயே திருப்பி வைத்தாள்.

"நாயா?"

நாய்க்கு என்ன, நன்றியுள்ள பிராணி என்றான் தம்பி.

"நாய் எதுக்கு வருது? எலி எங்க?"

அக்காவின் கையிலிருந்த தாள் கீழே இறங்கியது. தம்பி தன் மனைவியைப் பார்த்தான், மனைவி ஓவியரைப் பார்த்தாள், ஓவியர் தான் யாரிடமும் மூச்சுவிடவில்லை என்று கையை விரித்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டாயா என்று தம்பி அதட்டினான். சுட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, ஒட்டும் கேட்கவில்லை, இது அவள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும் என்றாள். வாசலுக்குப் போய்ப் பையைக் கவிழ்த்தாள். அதற்குள்ளிருந்து, காணாமல் போன அலுவலகப் பிரதி, முதுகில் ஒட்டுநாடா போட்டபடி வந்து விழுந்தது.

அவள் கதையைத் திறக்கவில்லை. புத்தகத்தைக் குப்புறப் போட்டு, பின்னட்டையைத் திருப்பி, அதன் உள்பக்கத்தைக் காட்டினாள்.

பக்கம் முழுக்க ஒரு படம். மங்கலான தானிய அறையில் ஓடக்காரி முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். விரித்த உள்ளங்கையில், வயிறு பெருத்த ஒரு சின்ன எலி, போகலாமா கூடாதா என்று அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறது. படத்துக்குக் கீழே ஒரு எழுத்துகூட இல்லை.

தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டான். அட்டைக்கும் ஃபாரத்துக்கும் சம்பந்தமில்லை. அட்டை தனியாக அடித்து மேலே ஒட்டுவது. அதன் உள்பக்கம் வெள்ளையாகப் போனால் நன்றாக இருக்காது, கையில் இருக்கிற ஏதாவது ஒரு படத்தைப் போட்டுவிடுங்கள் என்று அட்டைக்காரரிடம் போனில் சொல்லியிருந்தான். சொன்னதோடு மறந்துபோனான். அட்டைக்காரர் இதைப் போட்டிருக்கிறார். உள்ளே வெட்டிய எலி, வெளித்தோலில் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் போயிருக்கிறது.

ஓவியர் காதிலிருந்த தூரிகையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மீசை இன்னும் கொஞ்சம் மெல்லிசா இருந்திருக்கலாம்," என்றார்.

சுட்டி விடவில்லை. இந்தப் படம் எந்தப் பக்கத்துக்கு என்று வகுப்பில் இன்னும் சண்டை நடக்கிறதாம். அச்சடிக்கிறவர்கள் பக்கத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி, இல்லை, கடைசியில் காட்டவேண்டும் என்று வேண்டுமென்றே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. சுட்டி இரண்டாவது கட்சிக்குத் தலைவி. ஒவ்வொரு பாகம் வரும்போதும் முதலில் எலியைத்தான் தேடுவார்களாம். இரண்டில் வரவில்லை, மூன்றில் வரவில்லை, நாலில் வரவில்லை என்றதும் எல்லோருக்கும் ஒரே நிம்மதியாம், அப்படியென்றால் அஞ்சில் கண்டிப்பாக வரும் என்று. வகுப்பில் யாராவது யாரையாவது மன்னிக்க வேண்டும் என்றால் வாயால் சொல்வதில்லை, உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்களாம்.

அக்கா நாய் எழுதின தாள்களை நீளவாக்கில் ஒரு தடவையும் குறுக்கில் ஒரு தடவையும் கிழித்தாள். முதலில் எழுதின தாள்களை, கசங்கியிருந்ததை நீவிவிட்டு, தம்பி மனைவியிடம் நீட்டினாள். விசைப்பலகை படபடக்க ஆரம்பித்தது. மேஜைமேல் போன் அடித்தது. அச்சகத்து முதலாளிதான், வருகிறதா இல்லையா என்றார். வந்துக்கிட்டே இருக்கு என்றான் தம்பி. எத்தனையோ தடவை சொன்ன பொய், இந்தத் தடவை உண்மையாகியிருந்தது.

போனை வைத்ததும் அவனும் புத்தகத்தின் பக்கம் வந்து எட்டிப் பார்த்தான். தட்டச்சு செய்துகொண்டே அவன் மனைவியும் கழுத்தை நீட்டினாள். அக்கா கணவரின் தோளுக்கு மேலாகக் குனிந்து, தான் ஆறு வருடமாகத் திறக்காத புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எலியைத் தொட்டபோது கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நாலு பெரியவர்களும் தலையோடு தலை மோத ஒரு பின்னட்டையை வாய் பிளந்து பார்ப்பதைச் சுட்டி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். பொட்டலத்திலிருந்து பிஸ்கட்டை மறுபடி எடுத்தாள்.

"ஏன் அத்தை, நம்ம புத்தகத்தை நீங்க யாருமே படிக்கிறதில்லையா?"